ஜெபக் குறிப்பு கசிந்த பிறகு: ஒரு வழித்துணை உறவின் மூன்று ஆண்டுகள்

எழுதும் முன்

இந்தப் பதிவில் வருகிற மாணவி, அவளுடைய தாயார், ஓய்வுபெற்ற ஆசிரியை ஆகிய மூவருக்கும் இதை வாசித்துக் காட்டினேன். மாணவி இரண்டு பத்திகளை அடித்துவிட்டாள். அவை இங்கே இல்லை. ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். காக்க வேண்டிய ஒன்று காக்கப்படாமல் போனதைப் பற்றிய பதிவு இது. எழுதுகிற சாக்கில் அதே தவறு இன்னொரு முறை நடந்துவிடக் கூடாது.

பின்னணி

எங்கள் ஊர் ஆலங்குளம் வட்டாரத்தில் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது தென்காசியோடு சேர்ந்துவிட்டோம். ஆனாலும் கல்லூரிக்கும் கண் மருத்துவத்துக்கும் கல்யாணத் துணிக்கும் இன்றுவரை திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏறுகிறோம். பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். காலையில் சுளகை (முறத்தை) மடியில் எடுத்து வைத்தால் இரவுச் சாப்பாடு வரைக்கும் கை ஓயாது. எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடகர் குழு உண்டு, ஓய்வுநாள் பாடசாலை உண்டு, பெண்கள் ஐக்கிய சங்கம் உண்டு. ஆனால் பதினெட்டு வயதில், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை மனம் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பிள்ளைகள் முதலாமாண்டிலேயே படிப்பை நிறுத்திய பிறகே இது எங்களுக்கு உறைத்தது.

2022 ஜூனில், சேகர குருவின் (பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பான போதகரின்) சம்மதத்தோடு, கல்லூரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையின் மூத்தவர் ஒருவரை இணைத்தோம். மொத்தம் ஒன்பது இணைகள். 'வழித்துணை' என்று பெயர் வைத்தோம். பொறுப்பு என்னிடம் இருந்தது.

முதல் கூட்டத்தில் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பேசினேன். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனரிமாரின் முகத்துக்கு நேராகக் கேட்டவர் அவர். அன்றைக்கு எல்லோரும் தலையசைத்தோம். அந்தக் கேள்வியை அவர் எங்களிடமும் கேட்கிறார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இருவர்

மாணவியின் தந்தை குடியால் ஈரல் கெட்டு, அவள் பிளஸ் டூ படிக்கும்போது இறந்துபோனார். ஓராண்டு முழுவதும் சபை அவருக்காக ஜெபித்தது. அவள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் பலர், சகலமும் நன்மைக்கு ஏதுவாகவே நடக்கும் என்று அவளிடம் சொன்னார்கள். நானும் சொன்னேன். தாயார் பீடிச் சுளகோடு குடும்பத்தைத் தாங்கினார். மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தாள்.

ஆசிரியைக்கு அப்போது 66 வயது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர் என்பதால் தள்ளாத கிழவர்கள்கூட அவரை 'டீச்சர்' என்றே அழைப்பார்கள். கணவர் இல்லை, ஒரே மகன் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறார். நேரம் தவறாதவர், ஜெபம் தவறாதவர். இவரைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது என்று நினைத்தே இணைத்தேன்.

முதல் எட்டு மாதங்கள்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சந்திப்பு. ஆசிரியை ஒரு நோட்டில் பாடம் தயாரித்து வைத்திருப்பார்: ஒரு வேதபகுதி, ஐந்து கேள்விகள், ஒரு மனப்பாட வசனம். மாணவி ஒரு பதிலும் தவறாமல் சொல்லுவாள். என்னுடைய மாதப் பதிவேட்டில் இந்த இணைக்கு எதிரே 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை.

உருப்படியான உதவிகளும் நடந்தன. 2022 செப்டம்பரில் அரசு புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, வங்கிக் கணக்குக்கும் ஆதார் இணைப்புக்கும் இரண்டு நாள் வெயிலில் கூடவே அலைந்தவர் ஆசிரியைதான்.

அதே காலத்தில் தேர்வுக் கட்டணத்தைத் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு மாணவி எதையும் மறுத்துப் பேசவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முதல் ஆளாக வந்தாள், பாடகர் குழுவில் சேரச் சொன்னதும் சேர்ந்தாள். விசுவாசத்தில் வளர்கிறாள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். கடன்பட்டவளின் பணிவு அது என்பதை அவளே சொல்லிக் கேட்டது ஒன்றரை ஆண்டு கழித்துத்தான்.

2023 பிப்ரவரி: கசிவு

முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. மூன்று பாடங்களில் அரியர். அதன் பிறகும் அவள் வழக்கம்போலக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினாள். பாளையங்கோட்டையில் இறங்கினாள். கல்லூரிக்கு மட்டும் போகவில்லை. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் சொல்லுகிற பழைய ஆலயத்தில், குளோரிந்தா என்கிற விதவைப் பெண் 1785இல் எழுப்பிய அந்தச் சிறிய ஆலயத்தின் வளாகத்தில், நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மாலை பஸ்ஸில் திரும்புவாள். இப்படி மூன்று வாரம். ஜெபிக்கப் போனாயா என்று பிற்பாடு கேட்டபோது இல்லை என்றாள். கோயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதனால் போனேன் என்றாள்.

ஒரு சனிக்கிழமை, பாடம் முடிந்து நோட்டை மூடிய பிறகு, ஆசிரியையிடம் இதைச் சொல்லிவிட்டாள். அப்பா இறந்த நாளிலிருந்து தான் ஜெபிக்கவில்லை, எல்லோரும் கண்ணை மூடும்போது தானும் மூடுகிறேன், அவ்வளவுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் உண்மையாகப் பேசிய முதல் நாள் அது. ஆசிரியை அழுதார். அவளைக் கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக் கூட்டம். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்கிற ஜெபக் குறிப்புகள் கேட்கப்பட்டபோது ஆசிரியை எழுந்து, கல்லூரிக்குப் போகாமல் தவிக்கிற நம்முடைய வாலிபப் பெண் ஒருத்திக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள் என்றார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு எங்கள் சபையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன பெண்கள் இரண்டு பேர்தான். அவர்களில் மற்றவளின் தாய் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, சுற்றிய பீடிக் கட்டுகளை ஒப்படைக்கத் தாயார் பீடிக் கடையில் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெண் திரும்பி, உன் மகளுக்காக நேற்று எல்லோரும் ஜெபித்தோம், கவலைப்படாதே என்றார். மகள் கல்லூரிக்குப் போகவில்லை என்ற செய்தியைத் தாயார் இப்படித்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கு இலையும் தூளும் வாங்காமலே வீடு திரும்பினார் என்று கடைக்காரர் சொன்னார்.

ஆசிரியை புறம்பேசும் குணம் உள்ளவர் அல்லர். தன்னால் மட்டும் தாங்க முடியாத பாரத்தைச் சபையோடு சேர்ந்து கடவுளிடம் வைக்கிறேன் என்று உண்மையாகவே நம்பித்தான் செய்தார். எங்கள் ஊர்களில் ஜெபக் குறிப்பு வழியாக வெளியேறுகிற இரகசியங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் வாயிலிருந்துதான் வெளியேறுகின்றன. யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அது ஜெபம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாணவி ஆசிரியையின் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஆராதனைக்கும் வரவில்லை. ஏழு வாரங்கள்.

முதலில் கல்லூரி. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அவளுடைய அத்தை ஒருவர் மேலப்பாளையத்தில் இருந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவரைத் தாயாரோடு அனுப்பித் துறைத் தலைவரைப் பார்க்கச் செய்தோம். சபை ஆள் யாரும் போகவில்லை. அவளுடைய செய்தியை இன்னும் ஒருவர் சுமந்துகொண்டு போக வேண்டாம் என்று நினைத்தோம். எங்கள் முடிவுகளில் எனக்கு இன்றும் தயக்கமில்லாத முடிவு இது ஒன்றே.

அடுத்தது, வழித்துணையை மாற்றுவதா என்ற கேள்வி. குழுவில் பெரும்பாலோர் மாற்றலாம் என்றார்கள். முதல் மூன்று நாள் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சேகர குருதான் மறுத்தார். தந்தையை இழந்த பிள்ளை அது. தவறு செய்த மனிதர்கள் மறைந்துபோய்விடுவார்கள் என்பதை நாமும் சேர்ந்து கற்றுக்கொடுக்க வேண்டாம் என்றார். ஆனால் முடிவு அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அத்தை மூலம் கேட்டோம். பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகவே காத்திருந்தோம்.

மூன்றாவது, மன்னிப்பு. ஜெபக் கூட்டத்தில் பகிரங்கமாகக் கேட்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். கேட்டால் பழைய பேச்சு மறுபடியும் கிளம்பும். கேட்காவிட்டால் தவறே நடக்காததுபோல ஆகும். நீண்ட நேரம் பேசி ஒரு வழி கண்டோம். ஆசிரியை கூட்டத்தில் எழுந்து, என்னை நம்பிச் சொன்ன ஒன்றை நான் காக்கவில்லை, என் வழியாக வந்த பேச்சை இனி யாரும் தொடர வேண்டாம் என்று இரண்டே வாக்கியங்கள் சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரைப் பற்றி, என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஊருக்கே டீச்சராக இருந்தவர் அப்படி நின்றதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பேச்சு முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்; குறைந்தது.

திண்ணைச் சனிக்கிழமைகள்

அதே சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆசிரியை மாணவியின் வீட்டுக்குப் போனார். அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. தாயார் திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருந்தார். வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆசிரியை நின்றபடியே தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, எனக்கும் கொஞ்சம் இலை கொடு என்றார்.

அறுபத்தாறு வயதில் அவர் பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். நனைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரிக்க வேண்டும், தூளைப் பரப்பி உருட்ட வேண்டும், முனையை மடித்து நூல் கட்ட வேண்டும். அவர் சுற்றியது ஒன்றும் தேறவில்லை. கடையில் கழித்துவிடுவார்கள் என்று தாயார் பிரித்துப் பிரித்துப் போட்டார். முனை மடிப்பது மட்டும் மூன்றாவது வாரம் ஓரளவு கைவந்தது. ஜெபம் செய்யவில்லை, வசனம் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சனிக்கிழமை மாணவி வெளியே வந்து, டீச்சர், நூலை இப்படி இழுத்தால் இலை கிழிந்துவிடும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் காட்டினாள்.

என்னுடைய பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

2023 ஆகஸ்ட்: கண்

ஆசிரியைக்கு இரு கண்ணிலும் புரை. வலக் கண்ணுக்குத் திருநெல்வேலியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மகனால் வர முடியவில்லை. கூட வர ஆளை நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஆசிரியை தலையை ஆட்டிவிட்டு நேராக மாணவியிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வருவாயா என்று கேட்டார்.

அவள் போனாள். திரும்பிய பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். நாள் செல்லச் செல்ல வேளைகள் குறையும். அந்த அட்டவணையை அவள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். காலை கல்லூரி பஸ்ஸுக்கு முன் ஒரு முறை, மாலை திரும்பியதும் ஒரு முறை. நடுவேளைகளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டார். அந்த நாள்களில் கண்ணுக்கு எழுத்து தெரியாமல் ஆசிரியை தவித்ததால், மாலையில் வேதாகமத்தை அவள் உரக்க வாசித்தாள். எதை வாசிப்பது என்று ஆசிரியை சொல்லவில்லை. சங்கீதங்களை ஒன்றாம் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு போனாள்.

எண்பத்தெட்டாம் சங்கீதம் வந்தது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். அவள் வாசித்து முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா, இதை ஏன் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

பழைய ஆசிரியையாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு விளக்கம் வந்திருக்கும். அன்றைக்கு அவர், எனக்குத் தெரியவில்லை அம்மா, ஆனால் என் முதல் பிள்ளை இறந்தே பிறந்தபோது இதை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது என்றார். அப்படி ஒரு பிள்ளை இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டவள் ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை, தாயாரிடம்கூட. இந்தப் பதிவில் இதைச் சேர்க்கச் சொன்னது ஆசிரியையே.

அந்தச் சொட்டு மருந்துக் காலத்துக்குள் எப்போதோ, 'டீச்சர்' போய், பாட்டியை நாங்கள் அழைக்கும் 'ஆச்சி' வந்திருந்தது. எந்த நாளில் என்று இருவருக்கும் நினைவில்லை.

விளைவு

மூன்று அரியர்களில் இரண்டை 2023 முடிவதற்குள் எழுதித் தேறினாள். மூன்றாவது அவளை நான்காம் பருவம் வரை இழுத்தது. 2025இல் பட்டம் முடித்தாள். இப்போது திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆராதனைக்கு மாதம் இரண்டு முறை வருகிறாள். பாடகர் குழுவைவிட்டு விலகினாள், திரும்பச் சேரவில்லை. சபையின் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்புக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பந்தி பரிமாற வந்தாள். ஜெபிக்கிறாயா என்று நான் கேட்டதில்லை. ஆச்சியிடம் மட்டும், சில நாள் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது இணைகளில் நான்கு முதலாண்டிலேயே பேருக்கு மட்டும் என்று ஆகிவிட்டன. அவற்றில் இரண்டு, நான் ஆண்டுக்கு ஒரு முறைகூட நேரில் போய்ப் பார்க்காததால் போனவை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஜெபக் குறிப்பு: சம்பந்தப்பட்டவர் தன் வாயால் தந்த சொற்களை மட்டுமே கூட்டத்தில் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பெயரை மறைத்தால் போதும் என்பதை ஏற்பதில்லை. எங்களைப் போன்ற ஊரில் அடையாளமே பெயர். சொற்கள் இல்லாவிட்டால், மனத்தில் ஒரு பாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அமைதியாக ஜெபிக்கிறோம். முதலில் இது பலருக்குக் கசந்தது. விவரம் தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார்கள். விவரம் கடவுளுக்குத் தெரியும் என்று சேகர குரு பதில் சொன்னார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து, அடி உதை, பாலியல் தொல்லை என்றால் இரகசியம் காப்பது தவறு. ஆனால் அது போக வேண்டிய இடம் ஜெபக் கூட்டம் அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098, பெண்கள் என்றால் 181. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு வழித்துணையின் நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறோம். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். எது என்னோடு நிற்கும், எது நிற்காது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர்கள் பேசுவார்கள்.

பணம் இருவருக்கிடையே நேராகப் போகக் கூடாது. தேவை இருந்தால் சேகரத்தின் கல்வி நிதியிலிருந்து, விண்ணப்பம் எழுதி, மற்றப் பிள்ளைகள் வாங்குவது போலவே வாங்கிக்கொள்ளட்டும். ஆசிரியை கட்டிய கட்டணத்தை மாணவி முதல் சம்பளத்தில் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நானாக இருந்தால் மறுத்திருப்பேன். வாங்கியதே சரி என்று இப்போது தெரிகிறது.

நான் இன்னும் செய்யாதது: வழித்துணைகள் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம். ஆசிரியை அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசியதற்கு முதற்காரணம், அவர் என்னிடம் வந்து பேச நான் ஓர் ஏற்பாடு செய்திருக்கவில்லை என்பது. பதிவேடு கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை. மூத்தவர் ஒவ்வொருவருக்கும் சேகரத்துக்கு வெளியே ஒரு துணை தேட வேண்டும் என்று பேசி வருகிறோம். இரண்டு பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

இந்த ஆண்டு, புதிதாகக் கல்லூரி சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நீ துணையாக இருப்பாயா என்று மாணவியிடம் கேட்டேன். இப்போது முடியாது என்றாள். அடுத்த ஆண்டு கேட்கலாமா என்றேன். கேளுங்கள் என்றாள், வருவேன் என்று சொல்லவில்லை.

தாயார் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அதன் பிறகு வரவே இல்லை. ஆசிரியை இரண்டு முறை அழைத்தார். சங்கத் தலைவி ஒரு முறை வீட்டுக்கே போனார். தாயார் அவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினார். சபைக்குக் காணிக்கையாக எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசி மட்டும் மாதந்தோறும் தவறாமல் மகள் கையில் வருகிறது.